எதிராளியின் பாராட்டு

மச்சான் முத்தலிப் வாய்க்காலை அடைத்ததில் ஜவுபரின் வயல் வெடித்துக் கிடந்தது. வழக்கு கல்முனைக் கோட்டில் நடந்தது. அன்று விசாரணை முடிந்ததும், முத்தலிபின் லோயர் ஜவுபரின் லோயர் புண்ணியமூர்த்தியின் தோளில் தட்டி இங்கிலீசில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். ஜவுபருக்குப் பிடிபட்டது ஒரு சொல்தான்: ஆர்கியுமென்டேஷன்.

ஆர்கியு பண்ணுவதென்றால் சண்டை பிடிப்பது. சண்டை பிடித்தவனை எதிராளி ஏன் தட்டிக்கொடுக்கிறான்? தன் லோயர் அந்தப் பக்கம் விலை போய்விட்டாரா?

நேரே இங்கிலீஸ் படிப்பிக்கும் கமீலாவின் வீட்டுக்குப் போனார்.

"சண்டைக்கு இந்தச் சொல்லப் பாவிக்க ஏலா காக்கா," என்றாள் கமீலா. "ஒரு முடிவ ஒத்துக்க வைக்கிறதுக்குக் காரணங்கள ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்குற விதம் இரிக்கே, அதுதான் இது. அடியில உள்ளது பிழையெண்டா எல்லாம் சரிஞ்சிரும். நல்லா அடுக்கினதப் பாத்துத்தான் முத்தலிப் காக்காட லோயரும் மெச்சியிருப்பார்."

'முத்தலிப் காக்கா'வாம். இவளும் அந்தப் பக்கமோ என்று எண்ணியபடி சைக்கிளை எடுத்தார். ஆனாலும் அடியில் உள்ளது பிழையென்றால் எல்லாம் சரியும் என்று அவள் சொன்னது உறுத்தியது.

மறுநாள் புண்ணியமூர்த்தியின் முன்னால் போய் நின்றார். "சேர், நீங்க கோட்டில சொன்னத எனக்குத் தமிழில சொல்லுங்க."

லோயர் முகத்தைச் சுளித்தாலும் சொன்னார். "வாய்க்கால் உங்கட வாப்பா காலத்தில இருந்து ஓடுது. அதால உரிமை வந்திட்டுது. அதால அவர் அடைக்க ஏலாது."

ஜவுபர் தலையாட்டி மறுத்தார். "பழைய வாய்க்கால் எழுபத்தெட்டுச் சூறாவளியில தூர்ந்து போயித்து சேர். இது அதுக்குப் புறகு வெட்டினது."

"ஆர் வெட்டினது?"

"நானும் முத்தலிபும்தான். பக்கத்து வயல்காரன் சின்னப்போடியும் மண் அள்ளினான்."

லோயர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "முத்தலிபே சம்மதிச்சு வெட்டியிருக்கிறாரெண்டா, இப்ப அவர் அடைக்க ஏலாதே! இத ஏன் மறைச்சீங்க?"

"புதுசெண்டா உரிமையில்லையெண்டு ஆக்கள் சொன்னாங்க. நீங்க அங்கால போய்ச் சொல்லிருவீங்களோ எண்டும் பயம்."

புண்ணியமூர்த்தி சின்னப்போடியின் பெயரைக் குறித்துக்கொண்டார். பிறகு சின்னப்போடியைச் சாட்சிக்கு அழைத்தார்கள். நீதவான் வந்து இடத்தைப் பார்த்தார். இருவரும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமென்று தீர்ப்பானது.

வயல் பச்சை பிடித்தது. ஆனாலும் முத்தலிபின் முறை வரும் நாளெல்லாம் ஜவுபர் விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வயல் வட்டைக்குப் போய், அவன் எவ்வளவு திறந்திருக்கிறான் என்று வரம்பில் குந்தியிருந்து பார்ப்பார். எதிர் வரம்பில் முத்தலிபும் குந்தியிருப்பான்.