கிளிக்குக் கண், மூக்கு வைத்தல்

1

பழைய கணினி இதழ் ஒன்றில் இரண்டு கிளிகளைப் பார்த்தேன். ஒரே கிளியை இரண்டு கணினிகள் வரைந்த படங்கள் அருகருகே அச்சாகியிருந்தன. இரண்டும் வெயிலில் மறந்துபோன துணி மாதிரி வெளுத்திருந்தன. ஏன் என்று தெரியவில்லை. இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த கைமுதல் அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகக் கண், மூக்கு வைத்தது.

2

முதல் தொடக்கம்: இருண்ட அறையில் இரண்டு கணினிகள் ஜென்மப் பகையாளிகளைப் போல முறைத்துக்கொண்டு

(வேண்டாம். கணினிகளுக்கு என்ன பகை? மனிதர்களைக் கூப்பிடுவோம்.)

இரண்டாம் தொடக்கம்: அக்கா கணினி இதழுக்கு மதிப்புரை எழுதுபவள். தம்பி, வேலையை விட்டுவிட்டு ஒரு சின்னப் பட்டறையில் கணினி வடிவமைத்தவன். சந்தையில் அதற்கு ஒரே போட்டி, பெரிய நிறுவனத்தின் கணினி. எதில் படம் நன்றாக வரும் என்று அக்காதான் எழுத வேண்டும்.

"சொந்தத் தம்பி செஞ்சது சார். நான் எப்படி எழுதறது?" என்று ஆசிரியரிடம் கேட்டாள்.

"அதனாலதான் உங்ககிட்டக் குடுக்கறேன். நீங்க அவனுக்குச் சலுகை காட்ட மாட்டீங்க."

இதழ் நல்லபடியாக எழுதினால்தான் அடுத்த கணினி செய்யப் பணம் போடுவேன் என்று பட்டறை முதலாளி சொல்லிவிட்டார். அது அக்காவுக்கும் தெரியும்.

3

(இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பியின் கணினி திரையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கும். ஒரு கட்டத்துக்கு இரண்டு நிறம்தான். நினைவகத்தை மிச்சம் பிடிக்க அவன் கண்டுபிடித்த வழி. கோடுகள் ஊசி மாதிரி இருக்கும். ஆனால் பச்சைக் கழுத்து, சிவப்பு மூக்கு, நீல வானம் மூன்றும் ஒரே கட்டத்தில் சந்தித்தால் ஒன்று தோற்றுப்போகும். மற்ற கணினியில் நிறங்கள் நினைத்த இடத்தில் நிற்கும்; புள்ளிகள்தான் தடித்தடியாக இருக்கும்.)

போன வாரம் பட்டறையில் அக்கா சிரித்தாள். "என்னடா, உன் கிளி லிப்ஸ்டிக் போடத் தெரியாம கழுத்தெல்லாம் ஈஷிக்கிட்டு நிக்குது?"

"அவங்க கிளிக்குக் கண்ணே இல்ல, அதக் கேக்க மாட்ட. என்னைய மட்டும் கேளு."

4

இப்போது அக்கா வீட்டுக் கூடம். திரைச்சீலையை இழுத்துவிட்டு, கணினிகளை ஒவ்வொன்றாக டிவியில் இணைத்துப் படம் எடுக்கிறார்கள். போட்டோக்காரர் முக்காலியில் கேமராவைப் பொருத்திக்கொண்டிருக்கிறார்.

காலையிலேயே பார்த்து எழுதிவைத்த மதிப்புரையைத் தம்பியிடம் நீட்டினாள். "தெளிவில் முந்துகிறது. நிறம் பரவுவது கண்ணை உறுத்தவில்லை. போட்டிக் கணினியின் நிறங்களோ சோகை பிடித்தவை." படித்ததும் அவன் முகம் மலர்ந்தது. பிறகு டிவியைப் பார்த்தான். திரையில் அவனுடைய கிளி; அதை ஆயிரம் தடவை பார்த்தவன் அவன். இவ்வளவு அடக்கமாக அது ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"அக்கா, டிவியில கலரை யாரு கொறச்சு வச்சது?"

"மாமாதான். நியூஸ் பாக்கறப்போ கண்ணு கூசுதுன்னு தெனமும் கொறச்சிருவாரு."

"காலையில நீ ஏத்தலயா?"

அக்கா தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இரண்டு கணினிகளையும் அலசியதாக நினைத்து, வீட்டு டிவியை மதிப்பிட்டிருக்கிறாள். கலர் குறைந்ததால்தான் தம்பி கிளியின் ஈஷல் மறைந்தது, மற்றதன் நிறம் வெளுத்தது.

"யாரும் அசையாதீங்க. டிவியப் படம் புடிக்கணும்னா ஷட்டரக் கொஞ்சநேரம் தொறந்து வைக்கணும். தரை அதிர்ந்தா போச்சு," என்றார் போட்டோக்காரர்.

டிவியில் கலரைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் பக்கத்தில் நிற்பது தம்பி.

5

அக்காவை என்னால் நம்ப முடியவில்லை. தினமும் நடப்பது அவளுக்கு எப்படி மறக்கும்? காலையில் டிவிக் கண்ணாடியைத் துடைத்தபோது அவள் விரல் அந்தக் குமிழின் மேல் ஒரு கணம் நின்று

(அடித்துவிட்டேன். நின்றதா என்று அவளுக்கே இப்போது தெரியவில்லை.)

ஒரு முடிவு: தம்பி குமிழைத் திருப்புகிறான். சிவப்பு கழுத்தெல்லாம் ஏறுகிறது. "இப்ப எழுது," என்கிறான். நல்லவன்; ஆனால் கொஞ்சம் அதிகமாகவே நல்லவன்.

இன்னொரு முடிவு: அக்கா தாளைக் கிழித்துப்போட்டு, அவனைத் தள்ளிவிட்டுத் தானே திருப்புகிறாள். ஆசிரியர் அவளைப் பற்றிச் சொன்னது உண்மையாகிறது. அவன் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம்

மூன்றாவது: யாரும் எதையும் தொடுவதில்லை.

6

நான் பார்த்த பக்கத்தில் கிளிகள் வெளுத்திருந்தன என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அந்த இதழில் எல்லாப் படங்களும் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தன. மதிப்புரை அடுத்த பக்கத்தில் தொடர்ந்தது. அந்தப் பக்கம் என்னிடம் இல்லை.

"இருடா," என்கிறாள் அக்கா, மெதுவாக. எதற்கு இருக்கச் சொல்கிறாள் என்று அவன் திரும்பிப் பார்க்கிறான். இதற்கு மேல் என் கை ஓடவில்லை. நீங்கள் எழுதுங்கள், ஆனால் சீக்கிரம். போட்டோக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ரொம்ப நேரம் அவரால் முடியாது.