தொனூசாவுக்கு ஒரே ஒரு ஆள்

"தனியாவா? ஏன்டி, யாரு செத்துட்டாங்க?"

கோடை விடுமுறைக்குத் தொனூசா தீவுக்குத் தனியாகப் போகப்போவதாக மிர்சினி சொன்னதும் தசூலா சித்தி கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டுக் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஒருவேளை உண்மையிலேயே யாராவது போய்ச் சேர்ந்து, தனக்கு மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்களோ என்று தன் அக்காவும் மிர்சினியின் அம்மாவுமான எவ்தொகியாவின் முகத்தைப் பார்த்தாள்.

"யாரும் சாகல. இவளுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு" என்றாள் எவ்தொகியா.

சித்தியையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் குடியிருக்கும் நிக்கேயாவில் ஒரு ஆள் காப்பிக்கடையில் தனியாக உட்கார்ந்தால் அடுத்த மேசைக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். சொர்க்கமே ஆனாலும் தனியாகப் போகாதே என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர். தனியாகச் சாப்பிடுகிறவள் என்றால் வீட்டில் சண்டை, தனியாகக் கடலில் குளிக்கிறவள் என்றால் காதல் தோல்வி. தனியாகத் தீவுக்கே போகிறவளுக்கு என்ன பெயர் வைப்பது என்று அந்த ஊருக்குத் தெரியாது.

மிர்சினிக்கு முப்பத்து மூன்று வயது. பிரேயஸ் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு டாக்சி அலுவலகத்தில் போனை எடுத்து வண்டி அனுப்பும் வேலை. காலையில் ஹெட்போனை மாட்டினால் காதுக்குள் ஊரே குடியேறிவிடும். கப்பலைத் தவறவிட்டவர்கள் திட்டுவார்கள், பெட்டியை டாக்சியில் விட்டவர்கள் அழுவார்கள், டிரைவர்கள் ஒருவர் மேல் ஒருவர் புகார் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா, டிவி, மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் சித்தி. பத்து நாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லாத பத்து நாள். அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவளால் முடியாது. வேலையில் மணிக்கணக்காகப் பேசுகிறவளுக்கு, வீட்டு மேசையைச் சுற்றி நாலு முகம் சேர்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தொனூசாவில் அறை வாடகைக்கு விடும் கல்லியோப்பி என்ற பெண்மணிக்கு அவள் ஏற்கெனவே போன் செய்திருந்தாள்.

"எத்தனை பேரு?"

"ஒரே ஒரு ஆள்."

ஏன் என்ற கேள்விக்கு மிர்சினி காத்திருந்தாள். அது வரவில்லை.

"டிவி கிடையாது. பின்னாடி ஆடுங்க கத்தும், அதைத் தவிர ஒரு சத்தமும் இருக்காது. பரவாயில்லையா?"

பரவாயில்லையாவா! அவளுக்கு வேண்டியதே அதுதான்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள உறுதியாச் சொல்லிடு, கண்ணு. ஆகஸ்ட்ல கேக்கறவங்க வரிசையில நிக்கறாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்தான் எல்லாம் நடந்தது.

முதலில் அம்மா இரக்கப்பட்டாள். "பெத்தவ இருக்கும்போது நீ எதுக்குத் தனியாப் போகணும்? நானும் வரேன். ஆனா ஆகஸ்ட் பதினஞ்சு, மாதா திருநாளுக்கு, அங்க கோயில் இருக்கணும்." அம்மா வந்தால் சித்தி வராமல் இருப்பாளா? "அக்காவை நீ பாத்துப்பியா? உனக்குக் கடலைப் பாக்கவே நேரம் போதாது" என்று அவளும் சேர்ந்துகொண்டாள். சேதி அண்ணன் ஸ்த்ராதோஸ் வீட்டுக்குப் போனது. மூன்று பெண்களைத் தனியே அனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. அண்ணி வாசோ வந்தால் அவளுடைய அம்மாவை எங்கே விடுவது?

ஆள் கூடக் கூடத் தீவும் நகர ஆரம்பித்தது.

"தொனூசாவுல காரை எங்கடி ஓட்டறது? கப்பல்லேருந்து எறக்கி ஒரு தடவை திருப்பறதுக்குள்ள தீவே முடிஞ்சிரும்" என்றான் அண்ணன். சரி, நாக்சோஸ். அங்கே ஆகஸ்ட் காற்று தலைமுடியைப் பிய்க்கும் என்றாள் அண்ணி. சரி, பாரோஸ். அங்கே ஒரு காப்பிக்குச் சொத்தையே எழுதித் தரச் சொல்வார்கள் என்றாள் அம்மா. அவ்வளவு நேரம் கப்பலில் உட்கார்ந்தால் தனக்குக் குமட்டும் என்று வாசோவின் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சரி, பக்கத்துத் தீவு ஏகினா. "ஏகினாவா! அங்க போறதுக்கு மொட்டை மாடியிலயே பாயை விரிச்சுப் படுக்கலாம்" என்றாள் சித்தி.

மிர்சினி ஒவ்வொன்றுக்கும் சரி என்றாள். ஊர் கூடி இழுத்த தேர் தெரு மாறிப் போவதைப் போல, அவளுடைய விடுமுறை அவள் கண்ணெதிரே எங்கோ போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் எவ்தொகியாவின் வீட்டில் கூடினார்கள். பொரித்த மீன், தக்காளியும் வெள்ளைச் சீஸும், ஒரு தர்ப்பூசணி. சாப்பாடு முடியும் முன்பே அண்ணன் முள்கரண்டியால் மேசையைத் தட்டினான்.

"முடிவு பண்ணிட்டேன். எவியா! காத்து கிடையாது, கப்பல் கிடையாது. பாலத்துமேல காரை விட்டா நேரா தீவுதான்."

எல்லாருக்கும் பிடித்துப்போனது. வாசோவின் அம்மா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். பாலம் ஏறிப் போகிற தீவு என்றால் குமட்டலுக்கு வழியே இல்லை.

அப்போதுதான் சித்தி விரல்விட்டு எண்ணினாள். "ஸ்த்ராதோஸு, வாசோ, அக்கா, நான், சம்பந்தியம்மா. அஞ்சு." நிறுத்தினாள். காரில் ஐந்து பேர்தான் உட்காரலாம். யார் துணைக்காக இத்தனையும் கிளம்பியதோ, அவளுக்கு இடமில்லை.

அப்புறம் அன்பு கரைபுரண்டது.

"நான் இருந்துக்கறேன், கொழந்தை போகட்டும்" என்றாள் அம்மா.

"நீ இருந்தா நானும் இருக்கேன்" என்றாள் சித்தி.

"அப்ப வழி முழுக்க எம் மாமியார் பேச்சை நான்தான் கேக்கணுமா? ஏன், நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்றான் அண்ணன்.

"எங்கம்மா உங்களை என்ன கடிச்சாங்களா?" என்றாள் அண்ணி.

"நான் பஸ்ல வரேன்" என்றாள் மிர்சினி, மெதுவாக.

"பஸ்ல தனியாவா!" மூன்று குரல்கள் ஒன்றாக எழுந்தன. சித்தி பஸ்ஸில் துணைக்கு வருவாளாம். சித்திக்குத் துணைக்கு அம்மா வருவாளாம். காரை விற்றுவிட்டு எல்லாரும் பஸ்ஸிலேயே போகலாமே என்று அண்ணன் கத்தினான். ஐந்து வாய்கள் ஒரே நேரத்தில். பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.

மிர்சினி கடிகாரத்தைப் பார்த்தாள். தொனூசாவில் கல்லியோப்பி மதியத் தூக்கத்துக்குப் போகிற நேரம். எழுந்ததும் அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாள்.

டிரைவர்கள் எல்லாரும் ஒரே லைனில் ஒரே சமயத்தில் கத்தினால், அவர்களை அடக்க அலுவலகத்தில் அவள் சொல்லும் ஒரு சொல் உண்டு. அதைச் சொல்கிற குரலும் வேறு. அந்தக் குரலை வீட்டில் யாரும் கேட்டதில்லை. அன்று அது தானாகவே வெளியே வந்தது.

"எல்லாரும் லைனை விடுங்க!"

மேசை அப்படியே நின்றது. அண்ணன் கையிலிருந்த மீன்கூட அசையவில்லை.

"நான் தொனூசாவுக்குப் போறேன். தனியா. யாரும் சாகல, யாரும் என்னை விட்டுட்டுப் போகல, உங்க யார்மேலயும் கோவம் இல்ல. நாள் முழுக்க காதுக்குள்ள ஆளுங்கதான். பத்து நாள் யாரும் எங்கிட்ட பேசாம இருக்கணும். அவ்வளவுதான்." மூச்சு வாங்கினாள். "நீங்க எவியா போங்க. கார்ல அஞ்சு சீட்டு. கணக்கு சரியா இருக்கு."

முதலில் அண்ணன்தான் சிரித்தான். "அடிப் பாவி. இந்தக் குரல் இருந்தா துறைமுகத்துல கப்பலையே பின்னாடி நகத்தலாமே."

"பேசாம இருக்கவா?" சித்திக்கு இன்னும் புரியவில்லை. "பேசாம இருந்து என்னடி பண்ணுவ?"

"பேசாம இருப்பேன், சித்தி."

வாசோவின் அம்மா தலையாட்டினாள். "எனக்குக்கூட ஒரு தடவை அப்படித் தோணிச்சு. கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்க." அண்ணி மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள்.

அம்மா தர்ப்பூசணியை வெட்டி, நடுப்பகுதியை மிர்சினியின் தட்டில் வைத்தாள். முகத்தைப் பார்த்துக் கோபமா, வருத்தமா என்று சொல்ல முடியவில்லை. மிர்சினி எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்க் கல்லியோப்பிக்குப் போன் செய்தாள். "ஒரே ஒரு ஆள்" என்றாள். "அறை உனக்குத்தான்" என்று அந்தப் பக்கம் கொட்டாவி விட்டது.

புறப்படும் நாளில் அம்மா துறைமுகம் வரை வருவேன் என்றாள். அதை மட்டும் தடுக்க முடியவில்லை. கையில் துணி சுற்றிய ஒரு டப்பா, உள்ளே கறி உருண்டை. பஸ்ஸில் வழிநெடுக அறிவுரை. சாப்பிட்ட உடனே கடலில் இறங்காதே. தொப்பியைக் கழற்றாதே. அறைக் கதவைத் தாழ் போடு. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கோயிலில் எனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்று. நிறுத்தங்கள் வந்து போயின, அம்மா நிறுத்தவில்லை.

துறைமுக வாசலில் உலகமே பெட்டியோடு நின்றது. சுருட்டிய பாய்கள், கூண்டில் பூனை, ஒருவர் தோளில் மேசை விசிறி. கப்பலின் பின்கதவு திறந்து கார்கள் உள்ளே ஏறிக்கொண்டிருந்தன. ஊழியர்கள் விசில் ஊதினார்கள்.

"போறேன்மா."

அம்மா டப்பாவை அவள் கையில் திணித்தாள். எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். சாப்பாடா, காற்றா, கடலா, மிர்சினிக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள். மறுபடியும் மூடிக்கொண்டாள். மகளின் காதோரம் பறந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, அந்தக் காதின்மேல் உள்ளங்கையை ஒரு நொடி வைத்து மூடினாள்.

பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தை முழங்கையால் விலக்கியபடி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துபோனாள்.