உள்பக்கம் திறக்கும் கதவு

பழைய செங்கல் சூளை நிலத்தைச் சுற்றி வேலி போட்டு விலங்குகளுக்கு விட்டுவிடப் போகிறார்கள் என்றதும், அதுவரை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்களுக்கெல்லாம் கருத்து முளைத்துவிட்டது. சூளையை மூடிய பிறகு புதர் மண்டி, நரியும் முயலும் ஆந்தையும் தாமாகவே குடிவந்த இடம் அது. எங்களைக் கேட்கவில்லை என்று யாரும் பிறகு சொல்லிவிடக் கூடாதாம். பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் வைத்தார்கள்.

மாடிக் குடியிருப்புச் சங்கத் தலைவர் வேலியை ஆதரித்தார். பாம்பு உள்ளேயே இருந்துவிடும் என்பது அவர் எண்ணம். பாம்புக்கு யார் போய்ச் சொல்வது என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். பிள்ளைகள் நரியை நேரில் பார்க்கலாம் என்றார் அறிவியல் டீச்சர். அப்படியானால் நரிக்குத்தான் பாதுகாப்பு வேண்டும் என்றார் தலைமையாசிரியர். யாரும் சிரிக்கவில்லை, அந்தப் பிள்ளைகளை எல்லாருக்கும் தெரியும். மாட்டுக்காரர் புல்லைப் பற்றிப் பேசினார். உட்கார்ந்துவிட்டு, மறுபடி எழுந்து, புல்லைப் பற்றிப் பேசினார். வனத்துறை அதிகாரி எல்லாவற்றையும் பரிசீலிப்பதாகச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. நான் வெல்டர். வேலி வந்தால் வேலை வரும். இதில் கருத்து வேறு எதற்கு?

அப்போது என் மனைவி எழுந்தாள்.

"வேலி போட்டுட்டா, நானும் எங்க அக்காவும் எங்க உக்காந்து பேசுறது?"

அதிகாரிக்குப் புரியவில்லை. கூட்டத்துக்குப் புரிந்தது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு கடைசி வரிசையில் இருந்த என் சகலையைப் பார்த்தார்கள்.

சகலை, அதாவது அந்த அக்காவின் கணவர், அவரும் வெல்டர்தான். ஒரு காலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பட்டறை. இதே பள்ளிக்கூடத்தின் தெருக்கதவை மாட்டும்போதுதான் முட்டிக்கொண்டது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பிள்ளைகள் முண்டியடித்தால் தள்ளிக்கொண்டு ஓடலாம் என்றார் அவர். உள்பக்கம்தான் திறக்க வேண்டும், தெருவில் போகிறவன் மூக்கு என்ன பாவம் செய்தது என்றேன் நான். வார்த்தை தடித்தது. பட்டறை இரண்டானது. பள்ளிக்கூடம் பக்கவாட்டில் நகரும் கதவு ஒன்றை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டது.

அவர் சூளை நிலத்துக்கு அந்தப் பக்கம் குடிபோனார். என் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்றார். அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றேன். பெண்கள் சாயங்காலமானால் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்துவந்து, புதர் நடுவே கிடக்கும் உடைந்த சிமென்ட் குழாய் மேல் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பினார்கள். மழை பெய்தால் குடையோடு போனார்கள்.

கருத்துகள் பரிசீலிக்கப்பட்டன. வேலி வந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இந்தப் பக்கத்தை எனக்கும் அந்தப் பக்கத்தைச் சகலைக்கும் கொடுத்தார் அதிகாரி. பழுதுபார்க்கப் போய்வர ஆளுக்கொரு சின்னக் கதவு வைத்துக்கொள்ளலாம், எங்கே, எப்படி என்பது எங்கள் இஷ்டம், சாவியும் எங்களிடமே இருக்கும் என்றார். நரியைத் தொந்தரவு செய்யாதவரை இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசுவதில் துறைக்கு ஆட்சேபணை இல்லையாம்.

பாதை தொடங்குகிற இடத்திலேயே என் கதவை வைத்தேன். உள்பக்கம் திறக்கும்படி வைத்தேன். வேலி முழுக்க மூடிய அன்று மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பக்கம் அவர் எங்க வெச்சிருக்காரு, கேட்டீங்களா?"

"அவர்கிட்ட எப்படிக் கேக்கிறது?"

"வாயாலதான்," என்றாள். "கம்பிக்கு அந்தப் பக்கம் அக்கா நிக்கிறதை என்னால பாக்க முடியாது. நான் போகல."

அன்று சாயங்காலம் வீட்டில் மடித்து வைத்திருந்த துணியையெல்லாம் பிரித்து மறுபடி மடித்தாள். மறுநாளும் அதே துணியை எடுத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பாதையின் நடுவில் அந்தக் குழாய் கிடந்தது. அதன் மேல் இரண்டு இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதைத் தாண்டி நடந்தேன். பாதை முடிகிற இடத்தில், சரியாக அங்கேயே, ஒரு கதவு இருந்தது. சகலை தரையில் உட்கார்ந்து கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கதவு உள்பக்கமாகத் திறந்திருந்தது.

நான் சொன்னபடி அவர் வைத்திருக்கிறார். அவர் சொன்னபடி நான் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. வெட்கமாக இருந்தது.

"உள்பக்கமா வெச்சிருக்கீங்க," என்றேன்.

"நீ சொன்னதுதானே." அவர் எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன்னோடது எப்படி?"

"வெளிப்பக்கம்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையைத் துணியில் துடைத்தார். வந்து பார்க்கிறேன் என்று எழுந்தார்.

"இன்னைக்கு வேண்டாம்," என்றேன் அவசரமாக. "நாளைக்கு அக்காவோட வீட்டுக்கு வாங்க. காபி குடிச்சிட்டு எல்லாரும் போய்ப் பாக்கலாம்."

திரும்பி வந்த வேகத்தில் முயல் ஒன்று எனக்கு ஒதுங்கி வழிவிட்டது. பட்டறையிலிருந்து சாமான்களைத் தூக்கிவந்து கீலை வெட்ட ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு மனைவி வந்தாள்.

"நல்லாத்தானே இருந்துச்சு?"

"பொதுமக்கள் கருத்து கேட்டேன். வெளிப்பக்கம் திறக்கணுமாம்."

"எத்தனை பேரைக் கேட்டீங்க?"

"ஒருத்தரை."

அவள் பாதையின் அந்தக் கோடியைப் பார்த்தாள். பிறகு கதவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.