சந்துக்குள் வந்த சுவர்

வடக்கு ரத வீதியிலிருந்து பிரியும் எங்கள் சந்தில் முன்பெல்லாம் இரண்டு வில்வண்டிகள் உரசாமல் போகும். எதிர்வீட்டு அனவரதம் பிள்ளை முனிசிபல் மெம்பரான பிறகு, வெள்ளையடிக்கிற சாக்கில் மூன்று தடவை தம் சுவரைச் சந்துக்குள் தள்ளிக் கட்டினார். கேட்டதற்கு, "மெம்பருக்கே சட்டம் சொல்லுதீரோ வே?" என்றார்.

போன தையில் அவர் மகளுக்குக் கல்யாணம். ஆழ்வார்குறிச்சி மாப்பிள்ளை மேளதாளத்தோடு சாரட்டு வண்டியில் வந்தார். வண்டி சந்துக்குள் பாதி நுழைந்ததும் சக்கரம் பிள்ளையின் சுவரில் இடித்து நின்றுவிட்டது.

"மாப்பிள்ளை இறங்கி நாலு எட்டு நடந்துட்டா போதும்" என்று பிள்ளை குழைந்தார்.

சம்பந்திக்கு மூக்குக்கு மேல் கோபம். "நடந்து வர அவன் என்ன தபால்காரனா வே? வண்டி போகலைன்னா நாங்க ஊருக்குத் திரும்புதோம்."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிள்ளையே கடப்பாரை எடுத்துத் தம் சுவரை இடித்தார். நான் வயிறு குளிரப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனிமேலாவது இந்த மனுஷனுக்கு வெட்கம் வரும் என்று நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் சுவர் இடித்த இடத்திலேயே எழும்பிவிட்டது. மறுநாள் முனிசிபல் சேவகன் என்னிடம் ஒரு நோட்டீஸை நீட்டினான். சந்து குறுகலாகி ஜனங்கள் அவதிப்படுவதாக மெம்பர் பிள்ளை மனுக் கொடுத்திருக்கிறாராம். அதை அகலப்படுத்த என் வீட்டு முன்சுவரை நான் இடித்துவிட வேண்டுமாம்.

கடப்பாரை வேண்டுமானால் தம்மிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்றும் பிள்ளை சொல்லியனுப்பியிருந்தார்.