பால் டின் இல்லாத அம்மன்

பிச்சைமுத்துவின் அம்மா திரையில் இரண்டு முறை வந்துவிட்டாள். இரண்டிலும் அவருக்கு அம்மாவாக வரவில்லை.

நிஜத்தில் நடந்தது சின்ன விஷயம். மலேசியாவில், நிபோங் திபால் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குள் ஆற்று வெள்ளம் புகுந்த அன்று, எட்டு மாதக் கைக்குழந்தையான அவரை அடுத்த வீட்டு நல்லம்மாளிடம் கொடுத்துவிட்டு, மறந்துவந்த இனிப்புக் கெட்டிப்பால் டின்னை எடுக்கத் திரும்பிப் போனாள். வரவில்லை. உடல் ஒதுங்கிய இடத்தில் ஒரு கல் நட்டார்கள், கல் அம்மனாயிற்று. நல்லம்மாள் வளர்த்த பிள்ளை, ஆண்டுதோறும் அதன் முன்னே ஒரு பால் டின் வைத்தது. ஊரும் வைத்தது.

கல் அம்மனான பிறகு கதை சும்மா கிடக்குமா? எண்பதுகளில் எடுத்த வீடியோ படத்தில் தோட்டத்தை மேய்க்கும் கங்காணி கையைப் பிடிக்க, அவள் கற்பைக் காக்க ஆற்றில் குதித்தாள். கன்னித்தெய்வத்துக்குப் பிள்ளை இருந்தால் நன்றாகவா இருக்கும்? பிச்சைமுத்து பிறக்கவே இல்லை.

இப்போது காலம் மாறிவிட்டதல்லவா. இயக்குநர் ஷர்மினி, புதுப் படத்துக்காக அவர் குடியிருந்த மாக் மண்டின் பகுதிக்கே வீடு தேடி வந்து, மூன்று மணி நேரம் பதிவு செய்தாள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பால் டின்ன மட்டும் காட்டிடும்மா. எங்கம்மா எனக்காகத்தான் திரும்பிப் போச்சு."

ஷர்மினி கண்கலங்கித் தலையாட்டினாள். கலங்கிய கண்ணை அவர் நம்பினார்.

பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் முதல் காட்சி. ஃபெரி ஏறிப் போனார். திரையில் அம்மா பாராங் கத்தியால் கங்காணியின் தலையைச் சீவினாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கடைசிவரை டின் வரவில்லை, குழந்தையும் வரவில்லை.

வெளியே மாலையும் மைக்குமாக நின்ற ஷர்மினியிடம், டின் எங்கே என்று கேட்டார்.

"அவங்கள வெறும் அம்மாவா சுருக்க முடியாதுலா, அங்கிள். இப்ப உள்ள பொண்ணுங்களுக்கு அவங்க போராளி."

"வெறும் அம்மாவாத்தாம்மா இருந்துச்சு," என்றார். "எனக்கு அது ஒன்னுதான்."

அவள் அவர் தோளில் கைபோட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு வழக்கம்போல டின்னோடு போனார். கல்லின்மேல் வெள்ளி முலாம் பூசிய பாராங் நின்றது. கோயில் செயலாளர் மோகனராஜ் கீழே கிடந்த டின்களைப் பொறுக்கிக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே பால் டின்லாம் வேணாம்ணே. நம்மம்மா வீரத்தெய்வம்லா. எலுமிச்சம்பழம் இருந்தா கொடுங்க."

பிச்சைமுத்து தன் டின்னைக் கையிலேயே வைத்துக்கொண்டார். ஆற்றோரம் போய் உட்கார்ந்தார். சர்க்கரை வியாதிக்காரர், டாக்டர் இனிப்பைத் தொடவே கூடாதென்றிருந்தார். டின்னைத் திறந்து, விரலால் வழித்து வழித்து, அடிவரை தின்றார்.

அம்மா எடுக்கப் போன பால், அறுபத்து மூன்று ஆண்டு கழித்துப் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது.