வாயில் பட்டது

ரங்கநாயகியின் கணவர் ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நெற்றியில் திருமண் இன்னும் முழுதாகக் காயவில்லை. மேல்துண்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்த தொன்னையைக் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பிரித்து, மனைவியின் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்தார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்த பயிற்சி நர்ஸ் அழகம்மாளையும் அவர் விடவில்லை.

"நீயும் வாங்கிக்கோம்மா. பெருமாள் கண்டருளினது. ஆபரேஷன் நன்னா நடக்கணும்னு சேவிச்சுட்டு வரேன்."

அழகம்மாள் வெள்ளை ஏப்ரனில் சிந்தாமல் இடக்கையை அடியில் கொடுத்து வாங்கிக்கொண்டாள். அக்காரவடிசல். நெய்யும் பச்சைக் கற்பூரமுமாக வாய்க்குள் கரைந்து போயிற்று. விரலைத் துடைத்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்க வேண்டியதைக் கேட்டாள். ராத்திரிக்கு அப்புறம் மாமி ஏதாவது சாப்பிட்டாளா? பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றாள் ரங்கநாயகி. கேட்டவளும் சொன்னவளும் மனதாரத்தான் பேசினார்கள். அழகம்மாள் வராந்தாவுக்குப் போய், டாக்டர் சகாயநாதனிடம், "வெறும் வயிறு, டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவரிடம் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

லால்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம் அவளுடையது. சென்னையில் பி.எஸ்ஸி. நர்ஸிங் படிக்கிறவர்களைக் கடைசி வருஷத்தில் பயிற்சிக்கென்று இந்தத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். டிகிரி வாங்கினால் பெட்பேன் தானாக நடந்து வந்துவிடுமா என்று பழைய நர்ஸுகள் கேலி செய்வார்கள். சிரித்துக்கொண்டே தங்கள் டிபன் டப்பாவையும் நீட்டுவார்கள். மாணவிகளோடு வந்த அடைக்கலமேரி டீச்சர் ஒரு புதுப் பழக்கம் கொண்டுவந்திருந்தார். சாயங்காலம் துணிகள் வைக்கிற அறையில் நர்ஸுகளும் மாணவிகளும் சேர்ந்து உட்கார வேண்டும். யார் தப்பு என்று பேசக் கூடாது. இன்று என்ன நடந்தது, அப்போது மனசில் என்ன ஓடியது என்று மட்டும் சொல்ல வேண்டும். டாக்டர்களையும் கூப்பிட்டிருந்தார். சகாயநாதன் அதைப் பஜனை என்று சொல்லிவிட்டு வரவே இல்லை. அழகம்மாள் தவறாமல் போவாள். தவறாமல் வாயைத் திறக்காமல் எழுந்து வருவாள். போன மாதம் ஒரு தப்பான பதிலுக்காக சகாயநாதன் ஒரு மாணவியைச் சென்னைக்கே திருப்பி அனுப்பியிருந்தார். தன்னை அனுப்பினால் படிப்பு அதோடு முடிந்தது என்று அழகம்மாளுக்குத் தெரியும். ஊரில் மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

தள்ளுவண்டியில் ரங்கநாயகியைப் படுக்கவைத்து அவளும் ஷரபுன்னிசாவும் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஷரபு அவளோடு படிப்பவள், பாலக்கரைக்காரி. தியேட்டர் வாசலை நெருங்கும்போது மூக்கை உறிஞ்சினாள்.

"என்னடி, கையெல்லாம் நெய் மணக்குது? தியேட்டருக்கு வர்ற நேரத்துல என்னத்தச் சாப்பிட்ட?"

"சாப்பிடலடி. பிரசாதம்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. வண்டி நின்றுவிட்டது.

"மாமி, நீங்க காலையில சாப்பிட்டிருக்கீங்க."

"நாராயணா, நான் எங்கடீ சாப்பிட்டேன்? பிரசாதம் ஸ்வீகரிச்சுண்டேன். அதைப் போய்ச் சாப்பாடுன்னு சொல்லலாமோ?"

ஷரபு ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்தாள். அவள் வீட்டு நோன்பில் ஒரு மடக்குத் தண்ணீரும் கணக்குத்தான். வாயில் போனது எப்படிச் சாப்பாடு இல்லாமல் போகும்? அழகம்மாளுக்கு வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. ஈதர் கொடுத்த மயக்கத்தில் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், ஆளே போய்விடலாம். ஒரு கவளம்தானே என்றும் ஒரு குரல் உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தது. மாமி மல்லாந்தபடி உத்தரத்தைப் பார்த்து ஏதோ பாசுரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேணா டாக்டர்கிட்ட போய்ச் சொல்லட்டுமா? என்னைத்தான் அவருக்கு ஏற்கெனவே பிடிக்காதே" என்றாள் ஷரபு.

அழகம்மாள் தலையாட்டி மறுத்துவிட்டு உள்ளே போனாள். சகாயநாதன் முழங்கைவரை சோப்பு நுரையோடு நின்றிருந்தார்.

"டாக்டர், வெறும் வயிறு இல்ல. பிரசாதம் சாப்பிட்டிருக்காங்க. நானும் சாப்பிட்டேன்."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நீ எதுக்கும்மா சாப்பிட்ட?"

"குடுத்தாங்க, டாக்டர்."

வாசலில் ஷரபு சிரிப்பை இருமலாக மாற்றினாள். அவர் குழாயை மூடினார். ஆபரேஷன் நாளை மறுநாள் என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அழகம்மாளுக்கு. பெட்டியில் எதை முதலில் அடுக்குவது என்றுகூட யோசித்துவிட்டாள்.

சாயங்காலம் அவர் துணி அறைக்கு வந்தார். நாற்காலி இல்லை. சலவைக்குப் போகிற போர்வை மூட்டையின்மேல் உட்கார்ந்தார். அவர் முன்னால் அழகம்மாள் நடந்ததை எல்லாம் சொன்னாள். கையேந்தி வாங்கியது, வெறும் வயிறு என்று சொன்னபோது அதில் ஒரு பொய்யும் இருப்பதாகத் தோன்றாதது, தியேட்டர் வாசலில் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தது. கடைசியாகச் சொன்னதை மட்டும் அவர் உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்துச் சொன்னாள். 

சகாயநாதன், "ஞாயித்துக்கிழமை கோயில்ல பாதர் நாக்குல வைக்கிற அப்பத்தை, நன்மையை வாங்குறேன். அதைச் சாப்பிட்டேன்னு நானும் சொல்லமாட்டேன்" என்றார். பிறகு, "அப்ப பேஷண்டை என்னன்னுதான் கேக்கறது?" என்று பொதுவாகக் கேட்டார்.

ஆளுக்கொரு கேள்வி சொன்னார்கள். எதுவும் பொருந்தவில்லை. மாமியையே கேட்டுவிடலாம் என்றாள் அழகம்மாள். ரங்கநாயகி தன் கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்துச் சந்தோஷமாக எழுந்து உட்கார்ந்தாள்.

"'வாயில என்ன பட்டது'ன்னு கேளுங்கோ. அதுல பெருமாளும் அடக்கம், வெத்தலையும் அடக்கம்."

"வெத்தலையுமா?" என்றார் சகாயநாதன்.

மாமி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் அழகம்மாளைப் பார்த்து, "நாளன்னிக்கு நீயும் தியேட்டருக்குள்ள வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆபரேஷன் அன்று காலை, தியேட்டர் கதவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி அழகம்மாள் கேட்டாள்.

"மாமி, வாயில ஏதாவது பட்டுதா?"

ரங்கநாயகி கண்களை இறுக்க மூடிக்கொண்டு வாயை ஆவென்று திறந்து நாக்கை நீட்டினாள். அழகம்மாள் குனிந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஷரபு குனிந்தாள். முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டு சகாயநாதனும் குனிந்தார். மூன்று தலைகளும் முட்டிக்கொள்ளாத குறையாக அந்தச் சின்ன வாய்க்குள் வெற்றிலைச் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தன. மூடிய இமைகளுக்குள் மாமியின் விழிகள் உருண்டுகொண்டிருந்தன.