அழிவதற்கு ஒரு நிமிடம் முன்பு

ரத்த வங்கியில் எல்லோரும் அவளை டேட்டாபேஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று காலை அவள் வந்து நிற்பதற்குள், எதிர் மேசைக்காரர் முகம் வெளிறி எழுந்தார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கைவேகத்தால் 'மின்னல்' என்று பட்டப்பெயர் வாங்கியவர்.

"அக்கா, சோதனைக்கு வெச்சிருக்கற டெஸ்ட் சர்வர்னு நெனச்சு நெஜ சர்வர்ல அழிச்சிட்டேன். ரத்தம் குடுக்கறவங்க லிஸ்ட் மொத்தமும் போச்சு. ஒன்பது இருபத்திமூணுக்கு."

மேலாளர் ஓடி வந்தார். "அதான் ஒண்ணுக்கு மூணா சர்வர் இருக்கே?"

"ஒண்ணைப் பாத்து மத்தது ரெண்டும் எழுதிக்கும் சார். இங்க அழிச்சா அங்கயும் அழிஞ்சிடும். அழிஞ்சிடுச்சு," என்றாள் அக்கா திரையைப் பார்த்தபடி.

மேலாளர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி, எளிதில் கிடைக்காத வகை ரத்தம் கேட்டிருந்தார்கள். கையிருப்பு இல்லை. யாரைக் கூப்பிடுவது என்று சொல்லும் பட்டியலும் இப்போது இல்லை.

அக்கா மூன்று சர்வர்களின் தொடர்பையும் துண்டித்தாள். ஒன்றில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்த நகலான பேக்கப்பை ஏற்றினாள். பாதியில் நின்றது, கோப்பு அரைகுறை. முந்தைய வாரத்து பேக்கப்பை ஏற்றினாள். அது முழுசாக ஏறியது. ஆனால் பதினோரு நாள் பழசு.

"நடுவுல நடந்ததெல்லாம்?" என்றார் மின்னல்.

"லாக்ல ஒவ்வொரு மாத்தமும் வரிசையா பதிஞ்சிருக்கு. அதை மறுபடி ஓட்டுவோம். ஒன்பது இருபத்திரண்டுல நிறுத்திடணும். தாண்டினா நீங்க அழிச்சதும் சேந்து ஓடிடும். நேரத்தை நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"நானா?"

"உங்களைவிட அந்த நிமிஷம் யாருக்கு நல்லாத் தெரியும்?"

அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. நாள் நாளாக லாக் நகர்ந்தது. அவர் கண் கொட்டவில்லை. லாக் ஒன்பது இருபத்திரண்டைத் தொட்டதும் "நிறுத்துங்க!" என்று கத்தினார். அப்போது சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றே கால்.

அந்த வகை ரத்தத்துக்கு நான்கு பேர் தேறினார்கள். மூவர் போனை எடுக்கவில்லை. நான்காமவர் ஒரு பேருந்து ஓட்டுநர். அன்று காலை ஒன்பது பத்துக்குத்தான் பதிந்திருந்தார். எந்த பேக்கப்பிலும் இல்லாதவர், லாக்கில் மட்டும் இருந்தவர்.

"வண்டியை டிப்போல விட்டுட்டேன். இதோ வந்துட்டேன்மா," என்றார்.

பரிசோதனை முடிந்து இரண்டு மணிக்கு ரத்தம் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் மேலாளர் போனை வைத்துவிட்டு வந்தார். "பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்."

மீட்ட சர்வரிலிருந்து மற்ற இரண்டுக்கும் மின்னல் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். அக்காவோ அரைகுறைக் கோப்பைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"டிஸ்க் நிரம்பி, ஞாயித்துக்கிழமை பேக்கப் பாதியிலயே நின்னிருக்கு சார். இனிமே வாராவாரம் பேக்கப்பை ஏத்திப் பாத்துடணும்."

"கண்டிப்பா ஏத்திப் பாப்போம். நானும் கூட உக்காந்துக்கறேன்," என்றார் மேலாளர்.